புல் வெட்டாத டிராக்டரும் ரமேஷ் வாங்கிய நல்ல பெயரும்

புல் வெட்டும் மெஷினைப் பழுது பார்ப்பதுதான் என் வேலை என்று எண்பதுகளின் கடைசியில் தாம்பரத்தில் யாரிடம் சொன்னாலும், "அதுக்குத்தான் மாடு இருக்கேப்பா" என்ற ஒரே பதில்தான் வந்தது. ஆனால் அந்த வேலைக்கும் போட்டி இருந்தது. போட்டி இருந்த இடத்தில் வயிற்றெரிச்சலும் இருந்தது. பக்கத்து மேஜைக்காரனை எல்லோரும் புகழும்போது சிரித்த முகத்தோடு காது கொடுத்துக் கேட்டுவிட்டு, வீட்டுக்கு வந்து சோற்றை அளைந்துகொண்டு உட்கார்ந்த அனுபவம் உங்களுக்கும் இருக்கும். அப்படிப்பட்டவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்களும் படிக்கலாம், ஆனால் அப்படி யாரும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

ஒரு நாற்காலி

பொழிச்சலூரில் எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். அப்பா பம்மலில் தோல் பதனிடும் இடத்தில் கூலி வேலை. நான் பி.எஸ்ஸி. இயற்பியல் முடித்து, மேற்குத் தாம்பரத்தில் ஒரு கடையில் சேர்ந்தபோது, "ஏழுமலை ஆபீஸுக்குப் போறான்" என்று அம்மா தெருவெல்லாம் சொல்லிவிட்டாள். ஆபீஸ் என்றால், முன்பக்கம் மருந்தடிக்கும் ஸ்பிரேயரும் பம்ப்பும் விற்கிற கடை. பின்பக்கம் தகரக் கொட்டகை. அதில் சர்வீஸ். நாங்கள் சர்வீஸ் டிரெய்னி.

"நாங்கள்" என்றால் நானும் ரமேஷும். ஆயுதபூஜை முடிந்த கையோடு ஒரே நாளில் சேர்ந்தோம். அவன் அப்பா ரயில்வேயில் அதிகாரி, அக்கா பேங்க். நான் சைக்கிளில் பல்லாவரம் ஸ்டேஷன் வந்து, மின்சார ரயில் பிடித்து, வியர்வையோடு கடைக்குள் நுழையும்போது அவன் நூறு சிசி பைக்கை நிழலில் நிறுத்தி, கண்ணாடியில் தலை சீவிக்கொண்டிருப்பான். "வாடா மச்சான்" என்று முதல் நாளே கூப்பிட்டான். அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை. அவ்வளவு சுலபமாக யாரையும் மச்சான் என்று கூப்பிட எனக்கு வராது.

கடை முதலாளி தங்கராஜ் சார் எங்கள் இருவரையும் நிற்க வைத்து, சர்வீஸ் மேஜைக்குப் பின்னால் இருந்த ஒரே நாற்காலியைக் காட்டினார். அடுத்த ஆயுதபூஜை வரைக்கும் பார்ப்பேன், பிறகு ஒருவருக்குத்தான் வேலை நிரந்தரம் என்றார். எதை வைத்து முடிவு செய்வீர்கள் சார் என்று நான்தான் கேட்டேன். எனக்கு எதுவும் தெளிவாகத் தெரிந்தாக வேண்டும். அவர் மேஜைமேல் இருந்த போனைத் தட்டினார்.

"எவனை அனுப்புங்கன்னு கஸ்டமர் பேர் சொல்லிக் கேக்கறாங்களோ, அவன் இந்தச் சேர்ல உக்காருவான்."

கேளம்பாக்கத்து அம்மா

கேளம்பாக்கத்தில் ஓய்வுபெற்ற டாக்டர் ஒருவரின் தோட்ட வீடு. அங்கே கயிறு இழுத்து ஸ்டார்ட் செய்கிற சின்னப் புல்வெட்டி ஒன்று இருந்தது. அது நின்றுபோனது என்று போன் வந்தது. ரமேஷ் வேறு எங்கோ போயிருந்ததால் நான் பஸ் ஏறினேன். பஸ்ஸில் போகும்போதே கார்புரேட்டரா, பிளக்கா என்று மனசுக்குள் பரீட்சை எழுதிக்கொண்டே போனேன். போய்ப் பார்த்தால் பெட்ரோல் டேங்கில் தண்ணீர். வடித்து, குழாயை ஊதி, பிளக்கைத் தேய்த்து மாட்டினேன். ஒரே இழுப்பில் ஓடியது.

டாக்டரின் மனைவி காபி கொண்டுவந்து வைத்தார். நான் குடித்துவிட்டு, டேங்க் மூடியை ஏன் இறுக்கமாக மூட வேண்டும் என்பதைப் பொறுமையாக விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டார். கேட்டைத் திறந்து விடும்போது, மனசில் இருந்ததைச் சொன்னார்.

"மெஷின் ஓடுதுப்பா, நல்லது. ஆனா அந்த ரமேஷ் வந்தா வீடே கலகலன்னு இருக்கும்."

மாஸ்டரின் டிராக்டர்

எங்கள் கடையின் பெரிய கஸ்டமர், சேலையூர் தாண்டி இருந்த ஒரு பள்ளிக்கூடம். மைதானம் மட்டும் ஒரு கிராமம் அளவு இருக்கும். எந்தக் காலத்திலோ வெளிநாட்டுக்காரர் ஒருவர் அன்பளிப்பாகக் கொடுத்த தோட்ட டிராக்டர் ஒன்று அங்கே இருந்தது. ஆள் உட்கார்ந்து ஓட்டுகிற குட்டி டிராக்டர். அதன் வயிற்றுக்கு அடியில் கவிழ்த்த தாம்பாளம் மாதிரி ஒரு இரும்புத் தட்டு. அதற்குள் புல் வெட்டும் பிளேடுகள். அந்தத் தட்டை நாங்கள் டெக் என்போம். இன்ஜினிலிருந்து டெக்குக்கு ஒரு பெல்ட் போகிறது. பெல்ட் சுற்றினால் பிளேடு சுற்றும்.

மழைக்காலம் முடிந்ததும், மைதானத்தில் புல் முழங்கால் உயரத்துக்கு நிற்கும்போது, பெல்ட் வழுக்க ஆரம்பித்தது. இன்ஜின் உறுமும், டிராக்டர் நகரும், புல் மட்டும் சாய்ந்து படுத்துவிட்டு வண்டி போனதும் எழுந்து நிற்கும். பொங்கல் முடிந்ததும் விளையாட்டு விழா. பி.டி. மாஸ்டர் டேனியல் சார் கடைக்குப் போன் செய்தார். கடையில் நான் இருந்தேன், ரமேஷும் இருந்தான். தங்கராஜ் சார் போனை வைத்துவிட்டு என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. மாஸ்டர் கேட்டது இதுதானாம்:

"ரமேஷை அனுப்புங்க. கிரிக்கெட்டும் தெரிஞ்ச பையன்."

புது பெல்ட்

ரமேஷ் போய்ப் பார்த்தான். பெல்ட் தேய்ந்திருக்கிறது என்றான். பாரிமுனைக்குப் பைக்கில் போய், அளவு பார்த்து, புது பெல்ட் வாங்கிவந்து மாட்டினான். வண்டி அருமையாக ஓடியது. மாஸ்டர் அவனை அங்கேயே நிறுத்திக்கொண்டு மாணவர்களுக்குப் பந்து போடச் சொன்னாராம். சாயங்காலம் சட்டையில் செம்மண்ணோடு கடைக்கு வந்து இதையெல்லாம் சொன்னான். நான் ஒரு ஸ்பிரேயரின் வாஷரை, ஏற்கெனவே சரியாக இருந்ததை, கழற்றி மறுபடி மாட்டிக்கொண்டிருந்தேன்.

கொஞ்ச நாளில் பெல்ட் மறுபடி வழுக்கியது. மறுபடி ரமேஷைப் பேர் சொல்லிக் கேட்டார்கள். மறுபடி புது பெல்ட், மறுபடி கிரிக்கெட். அவன் ஏமாற்றவில்லை என்பதை நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். புது பெல்ட் போட்டால் வண்டி ஓடியது, அவனும் ஓடுகிறது என்றுதான் நம்பினான். அவன் ஏமாற்றுக்காரனாக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்திருக்கும்! கழற்றிய பழைய பெல்ட்டை என் மேஜைமேல் போட்டுவிட்டுக் கைகழுவப் போனவன், திரும்பி வந்து சிரித்தான்.

"வெச்சுக்கோ மச்சான், வீட்ல பசு கட்ட உதவும்."

பிசின்

எங்கள் வீட்டில் பசு இல்லை. ஆனால் பெல்ட்டை நான் எடுத்துவைத்துக்கொண்டேன். அதன் இரண்டு பக்கவாட்டிலும் கண்ணாடி மாதிரி ஒரு மினுமினுப்பு. நகத்தால் சுரண்டினால் கிளிப்பச்சையாக உதிர்ந்தது. ரப்பர் பெல்ட்டில் பச்சை எப்படி வந்தது? இரண்டு நாள் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த முறை போன் வந்தபோது ரமேஷுக்குக் காய்ச்சல். விழாவுக்கு இன்னும் ஒருநாள்தான் இருக்கிறது, யாரையாவது அனுப்புங்கள் என்றார் மாஸ்டர். அந்த யாரையாவதுதான் நான். போய்ச் சேர்ந்ததும் டிராக்டர் ஓட்டும் கன்னியப்பன் அண்ணாவைப் பார்த்தேன். சேலையூர்க்காரர், அந்த வண்டியை அவரைத் தவிர யாரும் தொடக்கூடாது. பெல்ட் வழுக்காமல் இருக்க, ரைஸ் மில்லில் பெல்ட்டுக்குப் போடுகிற பிசின் பொடியை வாங்கிவந்து கைநிறைய அள்ளிப் போட்டிருந்தார். கொஞ்ச நேரம் பிடித்திருக்கிறது. பிறகு சூட்டில் உருகி, புல்லும் மண்ணும் ஒட்டி, டெக் முழுக்க மிட்டாய் கடை மாதிரி ஆகிவிட்டது.

நான் முதலில் பிளக் வயரைக் கழற்றினேன். பிளேடு பக்கம் கை வைக்கும் முன் அதைச் செய்தாக வேண்டும். கழற்றினேனா என்று இரண்டாம் முறை பார்த்தேன். டெக்கைச் சுற்றி வந்துவிட்டு மூன்றாம் முறையும் பார்த்தேன். கன்னியப்பன் அண்ணா பீடியை வாயிலிருந்து எடுத்தார்.

"இன்னா சார், பொண்ணு பாக்க வந்த மாரி சுத்திச் சுத்தி வந்துகினே கீறே? அந்த ரமேஷ் சாரா இருந்தா இந்நேரம் மாட்டிட்டு ஒரு ஓவர் பவுலிங்கும் போட்டிருப்பாரு."

நாலு கலர்

வண்டி பார்க்க அழகாக இருந்தது. கிளிப்பச்சை. பானெட்டில் சந்தனப் பொட்டு, ஸ்டீயரிங்கில் காய்ந்த மாலை. ஒவ்வொரு ஆயுதபூஜைக்கும் கன்னியப்பன் அண்ணா அதைக் கழுவித் துடைத்து, எனாமல் பெயின்ட் அடிப்பார். ஒரு இடம் விடாமல் அடிப்பார். பக்தியில் குறை வைக்கக்கூடாது இல்லையா? டெக்கின் மேலே, கீழே, போல்ட்டு, நட்டு, பெல்ட் ஓடுகிற சக்கரத்தின் பள்ளம் எல்லாமே பச்சை.

பெல்ட்டை இழுத்துப் பிடிக்க ஐட்லர் என்று ஒரு சின்னச் சக்கரம் உண்டு. அது ஒரு இரும்புக் கையின் நுனியில் இருக்கும். டிரைவர் லீவரைப் போட்டால் ஒரு ஸ்பிரிங் அந்தக் கையை இழுக்கும். பெல்ட் நீண்டுபோனாலும் கை கூடவே நகர்ந்து தளர்ச்சியை எடுத்துவிடும். நான் லீவரைப் போட்டேன். லீவர் போனது. ஸ்பிரிங் நீண்டது. கை மட்டும் அசையவில்லை. அது திரும்புகிற மூட்டில் பெயின்ட் கெட்டியாகப் பிடித்து, வெல்டு வைத்ததுபோல நின்றிருந்தது. புது பெல்ட் இறுக்கமாக இருக்கிற வரைக்கும் வண்டி ஓடும். பெல்ட் கொஞ்சம் நீண்டதும் இழுத்துப் பிடிக்க ஆள் இல்லை. வழுக்கும். வழுக்கிச் சூடானதில், சக்கரப் பள்ளத்துப் பெயின்ட் பெல்ட்டில் ஏறும். இன்னும் வழுக்கும்.

இதைக் கண்டுபிடித்ததும் எனக்கு வந்த முதல் எண்ணம், ரமேஷ் இதைப் பார்க்கவில்லை என்பதுதான். கேவலம்தான், ஆனால் அப்படித்தான் இருந்தது.

"இந்த இடத்துல மட்டும் பெயின்ட்டைச் சுரண்டணும்ணா" என்றேன். அவர் வண்டிக்கும் எனக்கும் நடுவில் வந்து நின்றுகொண்டார். பூஜைக்கு அடித்த பெயின்ட், சாமி காரியம், கத்தி வைக்கக்கூடாது என்றார். நான் மாஸ்டரிடம் போய் விளக்கினேன். அவர் பாதி கேட்டுவிட்டு, கடிகாரத்தைப் பார்த்து, "சுரண்டிக்கோ. இன்னைக்குப் புல் வெட்டலைன்னா உங்க கடையே எங்களுக்கு வேணாம்" என்றார். கடை போனால் நாற்காலியும் போகும். உட்கார்ந்து சுரண்டினேன். பச்சைக்கு அடியில் நீலம் வந்தது. நீலத்துக்கு அடியில் மஞ்சள். அதற்கும் அடியில், மெல்லிசாக, வெளிநாட்டுக் கம்பெனிக்காரன் அடித்த சிவப்பு. மண்ணெண்ணெய் விட்டு, தட்டித் தட்டி, ஊறவைத்து மறுபடி தட்டியபோது, இரும்புக் கை "டக்" என்று திரும்பி ஸ்பிரிங்கோடு ஒட்டிக்கொண்டது. மூட்டுக்குக் கிரீஸ் வைத்தேன். சக்கரப் பள்ளத்தை இரும்பு தெரியும்வரை தேய்த்தேன். பிசினை வழித்தேன். ரமேஷ் போட்ட அதே பெல்ட்டைத் துடைத்து மாட்டினேன்.

சாயங்காலத்துக்குள் மைதானம் முடி வெட்டிய தலை மாதிரி ஆனது. பெல்ட் ஒரு இடத்தில்கூட வழுக்கவில்லை. கன்னியப்பன் அண்ணா வண்டியை விட்டு இறங்கினார். வெட்டிய புல்லைப் பார்க்கவே இல்லை. குனிந்து டெக்கைப் பார்த்தார்.

"வண்டி ஓடுது சார், இல்லன்னு சொல்லல. ஆனா அம்மை போட்ட மூஞ்சி மாரி ஆக்கிட்டியே."

மைக்கில் வந்த பெயர்

விளையாட்டு விழா அன்று காலையில் ஓட்டப் பாதைக்குக் கடைசியாக ஒருமுறை வெட்ட வேண்டும். துணைக்கு ஆள் வேண்டும் என்று பேர் சொல்லிக் கேட்டு ரமேஷை வரவழைத்திருந்தார்கள். காய்ச்சல் விட்டு, கூலிங் கிளாஸோடு வந்தான். என்னை யாரும் கூப்பிடவில்லை. ஆனாலும் போனேன். பெல்ட் வழுக்கிவிட்டால் என்ன செய்வது என்ற பயத்தில் முந்தின நாள் எனக்குத் தூக்கம் வரவில்லை. ஒரு வேப்பமரத்துக்குப் பின்னால் நின்று, டிராக்டரின் சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தேன். சத்தம் மாறவே இல்லை.

விழா தொடங்கியதும் மாஸ்டர் மைக்கில், மைதானத்தைத் தயார் செய்து கொடுத்த ரமேஷ் அவர்களுக்கு நன்றி என்றார். பிள்ளைகள் கை தட்டினார்கள். எனக்கு அந்த மரத்தையே பிடுங்கி எறியலாம் போல இருந்தது. ரமேஷ் நேராக மாஸ்டரிடம் போய், "நான் இல்ல சார், ஏழுமலைதான் ரிப்பேர் பண்ணினது. அதோ நிக்கறான்" என்று என் பக்கம் கை காட்டினான். சும்மா இருந்திருக்கலாம். நல்லவன் என்ற பெயரையும் அவனே எடுத்துக்கொண்டான். மாஸ்டர் என்னை மேலும் கீழும் பார்த்தார். சுரண்டிய பெயின்ட்டுக்காக அவரிடம் புகார் சொல்லிவிட்டு, பக்கத்தில் கன்னியப்பன் அண்ணா முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு நின்றார்.

"ஓ, இவன் பேருதான் ஏழுமலையா? சரி, இனிமே அந்த ஏழுமலையை அனுப்ப வேணாம்னு தங்கராஜ்கிட்ட சொல்லிடுங்க."

ஒரு கஸ்டமர் என் பெயரைச் சொன்னது அதுதான் முதல் தடவை.

அடிக்காத போன்

அதற்குப் பிறகு வெயில் காலம் வந்தது, ஆடி வந்தது, மறுபடி மழை வந்தது. போன் அடித்துக்கொண்டேதான் இருந்தது. மேடவாக்கம் பண்ணையிலிருந்து ரமேஷுக்கு, குரோம்பேட்டை நர்சரியிலிருந்து ரமேஷுக்கு. பள்ளிக்கூடத்திலிருந்து மட்டும் யாருக்கும் வரவில்லை. கேளம்பாக்கத்து அம்மாவும் கூப்பிடவில்லை. "உன்னை ஒருத்தரும் கேக்க மாட்டேங்கறாங்களேப்பா" என்று தங்கராஜ் சார் வருத்தமாகத்தான் சொன்னார். வருத்தமாகச் சொல்லும்போதுதான் அதிகம் வலிக்கும். வீட்டில் அம்மா, வேலை நிரந்தரமானதும் மாங்காட்டு அம்மனுக்குப் பொங்கல் வைப்பதாக வேண்டிக்கொண்டிருந்தாள். நான் அதைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ரமேஷ் எங்கள் வீட்டு வாசலில் பைக்கை நிறுத்தினான். மேடவாக்கத்திலிருந்து வருகிறான், அதே பம்ப், மூன்றாம் முறை. சட்டையெல்லாம் சேறு. அம்மா கொடுத்த மோரை ஒரே மூச்சில் குடித்துவிட்டு, பாயில் சாய்ந்து படித்துக்கொண்டிருந்த என்னைப் பார்த்தான். இப்போது யோசித்தால், அது எனக்கு நன்றாகத் தெரிந்த பார்வை. கண்ணாடியில் தினமும் பார்க்கிறேனே.

"உனக்கென்னடா, நீ கை வெச்ச மெஷின் மறுபடி கூப்பிடறதே இல்ல. கொடுத்து வெச்சவன். லீவு நாள்ல நான்தான் நாயா அலையறேன்."

அன்றைக்கு அவன் என்னைக் கேலி செய்வதாகவே நினைத்தேன்.

பொட்டு

ஆயுதபூஜைக்கு முதல் நாள் காலை. தங்கராஜ் சார் போனை எடுத்து, வழக்கம்போல "ரமேஷ்..." என்று கூப்பிட ஆரம்பித்து, பாதியில் நிறுத்தினார். போனைக் கையால் மூடிக்கொண்டு என்னைப் பார்த்தார். "கன்னியப்பன். ஏழுமலை சார்தான் வேணுமாம்."

பஸ் பிடிக்காமல், ரமேஷின் பைக்கிலேயே பின்னால் உட்கார்ந்து போனேன். வழியெல்லாம், வழுக்கியிருக்குமோ, மூட்டு மறுபடி பிடித்திருக்குமோ என்று நினைத்துக்கொண்டே போனேன். கன்னியப்பன் அண்ணா வண்டியைக் கழுவி நிறுத்தி, பக்கத்தில் புது பெயின்ட் டப்பாவை மூடி திறக்காமல் வைத்திருந்தார். இந்த வருஷம் ஆரஞ்சு. போன பொங்கலிலிருந்து இன்றுவரை ஒரே பெல்ட்டில் ஓடியிருக்கிறது, மாஸ்டரே ஆச்சரியப்படுகிறாராம். எங்கெங்கே பெயின்ட் படக்கூடாது என்று நான் வந்து காட்டினால்தான் டப்பாவைத் திறப்பேன் என்று காத்திருந்திருக்கிறார்.

நான் குனிந்து மூட்டு, ஸ்பிரிங், சக்கரப் பள்ளம் என்று ஒவ்வொன்றாக விரல் வைத்துக் காட்டினேன். அவர் ஒவ்வொன்றிலும் பழைய துணியைச் சுற்றிக் கட்டிக்கொண்டே வந்தார். கடைசியில் ஐட்லர் கையின் மூட்டுக்கு வந்தபோது தயங்கி, குங்குமக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தார்.

"பெயின்ட் வேணாம்னா வேணாம் சார். ஒரு பொட்டாவது வெச்சிக்கலாமா?"

பொரியும் நாற்காலியும்

மறுநாள் கடையில் பூஜை. தங்கராஜ் சார் கிறிஸ்தவர். ஆனால் ஆயுதபூஜையை விட மாட்டார். கற்பூரத்தை எங்களை ஏற்றச் சொல்லிவிட்டு, அவர் தள்ளி நின்று கண்ணை மூடிக்கொள்வார். ஸ்பேனர்களுக்கெல்லாம் சந்தனம் வைத்தாயிற்று. அந்த நாற்காலிக்கும் ஒரு பூ வைத்திருந்தார்கள். நான் அதைப் பார்க்காமல் பூசணிக்காயைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ரமேஷை ஊரே பேர் சொல்லிக் கேக்குது" என்றார் தங்கராஜ் சார். "ஆனா ஒன்பது மாசமா நல்லா ஓடற வண்டிக்கு ஒரு ஆளைப் பேர் சொல்லிக் கேட்டு நான் இதுவரைக்கும் பாத்ததில்ல. என்ன பண்றதுன்னு எனக்கே புரியல." ரமேஷ் கையில் இருந்த பொரியை வாயில் போட்டுக்கொண்டு, தொண்டையைச் செருமினான். மறைமலைநகர்ப் பக்கம் ஒரு பெரிய கம்பெனியில் அவனுக்கு வேலை கிடைத்துப் பல நாள் ஆகிவிட்டதாம். ஒரு வருஷமாக எந்த நாற்காலிக்காக எனக்குச் சோறு இறங்கவில்லையோ, அதில் உட்கார அவனுக்கு ஆசையே இருந்ததில்லை.

"பூஜை முடிஞ்சு பொரி வாங்கிட்டுச் சொல்லலாம்னு இருந்தேன் சார். சேர்ல ஏழுமலையே உக்காரட்டும். எனக்கு அது முதுகு வலிக்கும்."

அம்மா மாங்காட்டில் பொங்கல் வைத்தாள், நாற்காலியும் எனக்கே கிடைத்தது. ஆனால் மறுவாரம் தாம்பரம் ரோட்டில் நீல யூனிஃபார்மோடு கம்பெனி பஸ்ஸின் ஜன்னலோரம் உட்கார்ந்து ரமேஷ் கையசைத்துக்கொண்டே போனபோது, நான் என் ரயிலை விட்டுவிட்டு அந்த பஸ் மறையும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன் என்பதையும் சொல்லிவிட்டால், என்னைப் பற்றி மறைக்க வேறெதுவும் இல்லை.